லேசா ஒரு தட்டு

வாங்க, வாங்க, உள்ள வாங்க. வெயில்ல நின்னுட்டு என்னத்தப் பாக்கறீங்க? எதுத்தாப்ல இருக்கற கடையவா? அது கெடக்குதுங்க. அதுவும் தூண்டில் கடைதான். ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒண்ணு, இந்தப்பக்கம் ஒண்ணு. ஆனா மொதல்ல வந்தது இதுதானுங்க. அந்தக் கடைக்காரனுக்கு ராடு புடிக்கச் சொல்லிக் குடுத்தவனே நாந்தான். அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஆடும். இதுல உக்காருங்க.

விரால் புடிக்கோணும், மொதத் தடவை. அப்படித்தானுங்களே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. கோயமுத்தூர்ல இருந்து வாரீங்க, பொங்கலுக்கு லீவு வுட்டுட்டாங்க, கூட வேலை செய்யறவன் ஆரோ போன்ல மீனைத் தூக்கிப் புடிச்ச போட்டோ அனுப்பிச்சிருப்பான், உங்களுக்கும் கை அரிக்குது. சரிங்க. நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க. இன்னைக்குக் காப்புக் கட்டற நாளு. இதா, மேசை மேல வேப்பந்தழையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் ஒரு கொத்து கெடக்குதுங்களே, இது இப்பத்தான் வந்துச்சு. என்ற பொண்ணு இனியா கொண்டாந்து வெச்சுட்டு ஓடிப்போயிருச்சு. "வா கண்ணு"ன்னு கையை நீட்டுனேன், அதுக்குள்ள ரோட்டுக்கு அந்தப்பக்கம் போயி நிக்குது. பயமில்லீங்க. வெக்கம். பொட்டப்புள்ளை பாருங்க.

ஆமாங்க, அந்தக் கடையில இருந்துதான் வந்துச்சு. அங்க கல்லாவுல பச்சைச் சேலை கட்டிட்டு ஒரு பொம்பளை தெரியுதுங்களா? அது என்ற ஊட்டுக்காரி, கோகிலா. கடைக்காரன் பூபதி அவளுக்குக் கூடப்பொறந்த தம்பி. எனக்கு மாப்ள மொறை.

முழிக்காதீங்க, சொல்றேன். நாளைக்குத் தை பொறந்தா அவ ரோட்டத் தாண்டி இங்க வந்துருவா. பேச்சு அப்படி. அவ பெரியப்பா வேலுச்சாமி பெரிய மனுசங்களை வெச்சுப் பேசி முடிச்சது. அதுவரைக்கும் நான் அந்தப்பக்கம் காலு வெக்கக் கூடாது, ஆரு மேலயும் கை வெக்கக் கூடாது. ஒருத்தன் மேல கை பட்டாலும் அவ வர மாட்டா, பொண்ணும் வராது. நீங்களே பஜார்ல கேட்டுப் பாருங்க, ஐப்பசியில இருந்து ஒருத்தன் மேல என்ற வெரலு பட்டிருக்குமான்னு. எனக்குக் கோவமே வராதுங்க. அதுதான் உண்மை. சும்மா இருக்கறவனைச் சீண்டுனா ஆருக்குத்தான் வராது, அது வேற. இன்னைக்கு ஒரு பொழுது கழிஞ்சாப் போதும். அவ காப்புக்கொத்து அனுப்பிச்சிருக்கான்னா என்ன அர்த்தம்? மனசு எளகியிருச்சுன்னு அர்த்தம்.

அது கெடக்கட்டும். நீங்க இந்த ராடைக் கையில புடிங்க. ஏழடி. நுனி மட்டும் சித்தெ வளையும், அடி வளையாது. விராலுக்கு இப்படித்தான் இருக்கோணும். ஏன்னா விரால் வெட்டவெளியில நிக்காதுங்க. தாமரைக்குள்ள, கோரைக்குள்ள, ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கற எடத்துலதான் நிக்கும். தூண்டில் முள்ளு வாயில ஏறுனதும் தலையை உள்ள வுட்டு வேருல சுத்திக்கப் பாக்கும். அங்க நின்னு கொஞ்சிட்டு இருக்க முடியாது. தரதரன்னு இழுத்துக் கரையில போடோணும். மெல்லிசு ராடு எல்லாம் கெண்டைக்கு, ஜிலேபி மீனுக்கு. அதோட கொஞ்சலாம்.

முறியுமான்னா கேக்கறீங்க? மீனு இழுத்து இது முறியவே முறியாதுங்க. அடிச்சா முறியும். இதே ராடு ஒண்ணு எனக்கு நடுவுல ரெண்டா முறிஞ்சுருக்கு. அது ராடு மேல தப்பில்லை. பூபதியோட தோளு மேல தப்பு. எலும்புங்க அவனுக்கு, ஒடம்பு முச்சூடும் எலும்பு.

அது எப்படின்னா, இந்த ரீலு விசயத்துலதான். இதா, இது பெய்ட்காஸ்டர். ராடு மேல உக்காரும். இந்த உருளை சுத்த சுத்த நூலு போகும், அதைப் பெருவெரலால தடவிட்டே இருக்கோணும். ஆம்பளை ரீலுங்க இது. கோரைக்குள்ள இருந்து மீனைப் புடுங்கற பலம் இதுக்குத்தான் உண்டு. அதா தொங்குதே, ராடுக்குக் கீழ, கொடை மாதிரி கம்பியோட, அது ஸ்பின்னிங். கொழந்தைங்களுக்கு.

நாலு வருசம் பூபதி இந்தக் கடையிலதான் இருந்தான். மாமனாரு செத்ததும் நாந்தான் கூட்டியாந்து வெச்சேன். வாயில சத்தமே வராது அவனுக்கு. கேட்டாத்தான் பேசுவான். ஆனா கஸ்டமருங்க வந்தா, "அண்ணன் இருக்காருங்களா?"ன்னு கேப்பாங்க. நானும் கல்லாவுல கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என்னைப் பாத்தே கேப்பாங்க. அண்ணன்னா அவனாம்! அப்பறம் நான் ஆருங்க?

அன்னைக்கு உங்களை மாதிரித்தான் ஒருத்தரு வந்தாரு. நான் பெய்ட்காஸ்டரை எடுத்து மேசை மேல வெச்சு, பெருமையா சொல்லிட்டு இருக்கேன். உள்ள இருந்து வாரான் இவன். "மாமா, இவருக்கு ஸ்பின்னிங்கே குடுத்துரலாமுங்க. வெரலு பழகாம இதுல வீசுனா நூலு குருவிக்கூடாட்டம் சிக்கிக்கும். ரெண்டு நாள்ல வெறுத்துப்போயி மூலையில வெச்சுருவாரு"ங்கறான். அந்த மனுசன் சிரிச்சாரு பாருங்க. அவனைப் பாத்து ஒரு சிரிப்பு, என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. ஸ்பின்னிங்தான் எடுத்துட்டுப் போனாரு.

அவரு படி இறங்குனப்ப என்ற கையில ராடு இருந்துச்சு. லேசா ஒரு தட்டு. அவ்வளவுதான். ராடு ரெண்டாப் போயிருச்சு, அவன் அந்தப் பொய்யெரை மாட்டற லூர் தட்டு மேல சாஞ்சு, தொங்கிட்டு இருந்த முள்ளு எல்லாம் அவன் முதுகுல குத்திக்கிச்சு. காறை எலும்பு சித்தெ பிசகிருச்சுன்னு கட்டுப் போட்டாங்க. ஒடைஞ்சிருச்சுன்னு கோகிலா ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தா. பொம்பளைங்களுக்கு எல்லாமே பெருசு. முதுகுல இருந்த முள்ளை ஒவ்வொண்ணா அவதான் எடுத்தா. அவன் "ஸ்"ங்கலை. அழுகறதாவது செய்யலாமுல்லங்க? அழுதா நமக்கும் எரக்கம் வரும். கல்லாட்டம் உக்காந்துட்டு, "வுடுக்கா, மாமா கோவத்துல பண்ணிட்டாரு"ங்கறான். எனக்குக் கோவம்னு அவன் சொல்றான் பாருங்க, அதுதான் எனக்குக் கோவம்.

மறுபடியும் அங்கயே பாக்கறீங்க. என்னைப் பாருங்க. நூலுக்கு வரலாம்.

நூலு பிரெய்டுதான் போடோணும், பின்னுன நூலு. நரம்பு நூலு ரப்பராட்டம் இழுபடும், விராலுக்கு ஆகாது. இது இழுபடாது. ஆனா ஒண்ணு, எங்கயாச்சும் சிக்கிருச்சுன்னா கையில சுத்திட்டு மட்டும் இழுத்துராதீங்க. இதா பாருங்க, இந்த வெரலு. எலும்பு வரைக்கும் அறுத்துட்டுப் போயிருச்சு. கோரைவேருல மாட்டிக்கிச்சு, வரமாட்டேங்குது, எனக்குன்னா அன்னைக்கு எரிச்சல், ஒரே இழு. ரத்தம் சொட்டச் சொட்ட ஊட்டுக்குப் போனேன். கோகிலா துணி எடுத்துக் கட்டுனா. இறுக்கிக் கட்டுடின்னா தொடவே பயப்படறா. எனக்கு வலி உசுரு போகுது. மத்தக் கை நல்லாத்தான இருந்துச்சு, அதுல லேசா ஒரு தட்டு தட்டுனேன். அதுக்கப்பறம் நல்லா இறுக்கிக் கட்டுனா. இப்பக்கூட அவளை இடதுபக்கம் நின்னு கூப்புட்டா உடனே திரும்ப மாட்டா. காது கேக்கலைன்னு ஒரு சாக்கு. பொறவு ஒரு நாளும் நான் அதைக் கேட்டுச் சண்டை போட்டதில்லீங்க. போகட்டும்னு வுட்டுட்டேன். அந்த மனசு எனக்கு.

அப்பறம் ஒரு கட்டை வெச்சுக்கோங்க. மீனு கரைக்கு வந்தா வேலை முடிஞ்சுருச்சுன்னு நெனைக்காதீங்க. விரால் லேசுல சாகாதுங்க. தண்ணியில்லாம அரைநாள் கெடக்கும். சாக்குல போட்டு வண்டியில கட்டுனாலும் சாக்கோட துள்ளிக் கீழ விழுகும். மண்டையில போடோணும். என்ற கட்டை புளியங்கட்டை, இதா மேசைக்கடியில வெச்சிருக்கேன், கனத்தைப் பாருங்க. ஊட்டு வாசல்ல போட்டுத்தான் அடிப்பேன். கோகிலா, "ஒரு அடி போதுமுங்க, செத்துருச்சு, கொழந்தை பாக்குது"ம்பா. செத்துருச்சான்னு அது சொல்லுமா? வாலு ஆடுதே! வாலு ஆடற வரைக்கும் அடிக்கோணும். தலை இருந்த எடத்துல தலை இருக்காது, அப்பவும் வாலு ஆடும். அத்தனை திமிரு அதுக்கு. இனியா இப்ப மீனே திங்கறதில்லை. பூபதிதான் சொல்லிக் கெடுத்துட்டான்.

சரி, லூருக்கு வாங்க. இதுலதான் சூட்சுமமே இருக்குது.

விராலுக்குத் தவளைதான். இதா, ரப்பர் தவளை. அமுக்கிப் பாருங்க, மெத்துன்னு இருக்கும். முதுகோட ஒட்டி ரெண்டு முள்ளு மேல பாத்து நிக்குதா? இப்படி இருக்கறதால தழையில மாட்டாது. தாமரை எலை மேல வுழுந்தாலும் வழுக்கிட்டு வந்துரும். விரால் வந்து வாயால அடிச்சா ரப்பர் அமுங்கும், முள்ளு வெளிய வந்து மேவாயில ஏறும். கலரு எல்லாம் பெருசில்லீங்க. கருப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு, போதும்.

முக்கியமானது ஒண்ணு சொல்றேன், இதை மட்டும் மறந்துராதீங்க. தண்ணி படார்னு வெடிச்சதும் ராடை இழுத்தரக் கூடாது. கையெல்லாம் பரபரங்கும், இழு இழுன்னு சொல்லும். இழுத்தராதீங்க. ராடு நுனியைத் தாழ்த்தி, ஒரு மூச்சு வுடுங்க. அது தவளையை வாய்க்குள்ள வாங்கித் திரும்பட்டும். பொறவு வெட்டி இழுங்க. அவசரப்பட்டு அப்பவே இழுத்தீங்கன்னா முள்ளு மீனு வாயில இருக்காது. தவளை குண்டாட்டம் பறந்து வரும். உங்க மூஞ்சிக்கோ, பக்கத்துல நிக்கறவன் மூஞ்சிக்கோ. இந்தத் தொழில்ல அல்லாத்துக்கும் நான் சொல்லிக் குடுக்கற மொதப் பாடமே இதுதான். ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு பொறுக்க முடியாதவன் தூண்டிலே தொடக் கூடாது.

இன்னொண்ணு. எப்பவும் பசியிலதான் கடிக்கும்னு நெனைக்காதீங்க. மழை பேஞ்சு தண்ணி ஏறுனதும் விரால் குஞ்சு பொரிக்கும். தண்ணி மேல மொளகாப்பொடி தூவுன மாதிரி செவப்பா ஒரு கூட்டம் நகரும். அதுதான் குஞ்சுங்க. அதுக்கடியில ஆயியும் அப்பனும் காவல் நிக்கும். அப்ப எரையே எடுக்காது. ஆனா அந்தச் செவப்புக்குள்ள தவளையைப் போட்டீங்கன்னா போதும். வந்தது எதுன்னு பாக்காது, நல்லதா கெட்டதான்னு பாக்காது, பக்கத்துல வந்தா அடி, அவ்வளவுதான். கோவம். கோவத்துல வாயைத் தொறந்து முள்ளுல வந்து மாட்டிக்கும். மடச்சாம்பிராணிங்க அது. சும்மா இருந்திருந்தா அதும்பாட்டுக்கு குஞ்சோட இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பா வரும்.

குஞ்சுங்களா? காவல் போயிருச்சுன்னா அல்லாத்தையும் கெளுத்தியும் கொக்கும் தின்னுபோடும். அதுக்கு நாம என்னங்க பண்ண முடியும்?

இதே கேள்வியைத்தான் பூபதியும் கேட்டான். கேட்டானா, புரட்டாசி பொறந்ததுல இருந்து உசுரை வாங்கறான். "மாமா, குஞ்சு இருக்கறப்ப வேண்டாமுங்க. ரெண்டு மாசம் பொறுத்தா குளம் நெறைய மீனு இருக்கும்." வாரவங்க கிட்டயும் இதையே சொல்லறான். முள்ளோட கொக்கியை எல்லாம் குறட்டுல நசுக்கி மொழுமொழுன்னு பண்ணி வெக்கறான், மீனை வுடறப்ப வாயி கிழியாதாம். புடிக்கறதுக்கு வாரானா, கட்டிக்குடுக்கறதுக்கு வாரானா?

செங்காட்டுக் குளத்துல, மதகுக்கு இந்தப்பக்கம், ஒரு விரால் குஞ்சோட நின்னுச்சு. என்ற தொடை பெருசுங்க. பொய்யில்லை. நான் பாத்து வெச்சுட்டேன். வெடியால நேரமே எந்திரிச்சு ராடை எடுத்துட்டுக் கெளம்பறேன், வாசல்ல கோகிலா நிக்கறா. "குஞ்சோட இருக்கறத வுட்டுருங்களேன், வேற புடிங்களேன்"ங்கறா. அக்காளும் தம்பியும் பேசி வெச்சுட்டு நிக்கறாங்க. நான் அவளை வழியில இருந்து லேசா நகத்திட்டுப் போனேன். வாசக்கால் நெலவுல தலை பட்டு வீங்கிருச்சுன்னு பொறவு சொன்னாங்க. நெலவு அங்க இருக்கறது எனக்குத் தெரியாதுங்களா, அவளுக்குத் தெரியாதா? பாத்து நகரோணும்.

குளத்துக்குப் போயி முழங்கால் தண்ணியில எறங்கி நிக்கறேன். செவப்புக் கூட்டம் அழகா முன்னால வருது. ராடை ஓங்கறேன். தொபுக்குன்னு ஒரு கல்லு வுழுகுது தண்ணியில. குஞ்சுங்க செதறி ஓடுது. திரும்பிப் பாத்தா பூபதி கரையில நிக்கறான், கையில இன்னொரு கல்லு. "மாமா, வேண்டாமுங்க மாமா. வாங்க, ஊட்டுக்குப் போலாம். அக்காளுக்கு மண்டையில ரத்தம் வருது"ங்கறான்.

நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசன் சீசன் பூரா பாத்து வெச்ச மீனுங்க அது. நான் ராடைக் கரையில பத்திரமா வெச்சேன். ராடை வெச்சுட்டுத்தான் போனேன், அதைக் கவனிங்க. சட்டையைப் புடிச்சுத் தண்ணிக்குள்ள இழுத்தேன். கன்னத்துல ஒண்ணு வுட்டேன். மூக்குல ஒண்ணு பட்டுச்சு. பொடனியைப் புடிச்சுத் தண்ணியில லேசா ஒரு முக்கு. லேசான்னா, அவன் காலு ஒதைக்கற வரைக்கும். சேத்தண்ணி குடிச்சு இருமிட்டு எந்திரிச்சான். மூக்குல இருந்து ரத்தம் தாடை வழியா எறங்குது, திருப்பி ஒரு அடி அடிச்சிருக்கலாமுல்ல? வயசுப்பையன். என்னை வுட எளவட்டம். கையைத் தூக்கவே இல்லை. கரைக்கும் போகலை. "நான் போக மாட்டேன் மாமா. நீங்க வந்தாத்தான் போவேன்"னு எனக்குப் பின்னால, சோத்தாங்கைப் பக்கமா வந்து நின்னுட்டான். அங்க போயி நிக்கலாமுங்களா? தவளை வீசறவனுக்குப் பின்னால நிக்கக் கூடாதுன்னு நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நாலு வருசத்துக்கு முன்னால.

நான் அவனைத் திரும்பிக்கூடப் பாக்கலை. கூட்டம் மறுபடி சேந்துச்சு. வீசுனேன். தவளை செவப்புக்கு நடுவுல போயி உக்காந்துச்சு. ஒரே ஒரு ஆட்டு ஆட்டுனேன். அட சாமி, தண்ணி வெடிச்சுச்சு பாருங்க! தொட்டி கவுந்த மாதிரி. அதோட வாயி செவப்பா தெரிஞ்சுது எனக்கு. கையில ஜிவ்வுன்னு ஏறுச்சு. வெட்டி இழுத்தேன்.

ஒடனேதான். ஒடனே வெட்டிட்டேன். அன்னைக்கு இவன் மண்டைக்குள்ள அப்படி ஏத்தி வெச்சிருந்தான், பின்னால நின்னு மூக்கை உறிஞ்சிட்டு. எந்த மனுசன் மூச்சு வுடுவான்?

தவளை பறந்துச்சு. என்ற காதைத் தாண்டி விர்ருன்னு போச்சு. நூலு பின்னால விறைச்சு நிக்குது. கோரையில மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். ராடை முன்னால ஒரு இழு இழுத்தேன். வரலை. இன்னும் ஓங்கி ஒரு இழு. அப்ப ராடு நுனியில ஒரு ஆட்டம் தெரிஞ்சுது, கோரைன்னா அப்படி ஆடாது. திரும்பிப் பாக்கறேன், பூபதி ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் புடிச்சுட்டு நிக்கறான். பச்சைத் தவளை அவன் வெரலுக்கு நடுவுல தொங்குது. வெரலுக்கு நடுவுல இருந்து என்னமோ வழியுது, ரத்தம் மட்டுமில்லை.

"மாமா"ன்னு ஒரு சத்தம் வந்துச்சுங்க. வந்துச்சு. நான் இல்லைங்கலை. மொத இழுவைக்கு முன்னாலயா பின்னாலயான்னுதான்... அதெல்லாம் ஆருக்குங்க நெனப்பிருக்கும்? தண்ணிச் சத்தம், கொக்குச் சத்தம்.

நாந்தானுங்க தூக்கிட்டுப் போனேன். வேற ஆரு? என்ற வண்டியிலதான் உக்கார வெச்சு, என்ற துண்டைத்தான் கட்டி, பெரியாஸ்பத்திரிக்குப் போயி, அங்கிருந்து கோயமுத்தூரு கண்ணாஸ்பத்திரிக்கு. இடது கண்ணை எடுத்துட்டாங்க. டாக்டரு கேக்கறாரு, "எப்படிப்பா ஆச்சு?"ன்னு. இவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "நானே வீசுனதுங்க, திரும்பி வந்து பட்டுருச்சு"ங்கறான். போலீசு வந்து கேட்டப்பவும் அதேதான். கவனிங்க. நான் தப்புப் பண்ணியிருந்தா சொல்லியிருக்க மாட்டானா? அவன் மனசுக்கே தெரியுது, கல்லெறிஞ்சது அவன் தப்பு, பின்னால நின்னது அவன் தப்புன்னு. அக்கா வாழோணும்னுதான் பொய் சொன்னான்னு ஊருக்குள்ள நாயம் பேசறாங்க. பேசறவன் வாயை என்ன பண்ணறது?

கோகிலா வந்தா. தலையில பிளாஸ்திரியோட வந்தா. அவன் படுத்திருக்கறதப் பாத்தா. நான் நடையில நின்னுட்டு இருந்தேன். நேரா என்ற முன்னால வந்து நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அவன் மாமான்னு கூப்புட்டது உங்க காதுல வுழுந்துச்சா இல்லையா?"ன்னு. அத்தனை சனத்துக்கு முன்னால! நர்சுங்க நிக்கறாங்க, கண்ணுக்கு மருந்து வுட்ட கெழவங்க எல்லாம் வரிசையா உக்காந்திருக்காங்க. புருசனைக் கேக்கற கேள்வியாங்க அது? பொசுக்குன்னு கை போயிருச்சு. லேசாத்தான். கீழ வுழுந்தவ எந்திரிக்கலை, எந்திரிக்காமயே என்னைப் பாத்துட்டுக் கெடந்தா. அன்னைக்குப் போனவதான் தம்பியோட. அவனுக்குக் கடை வெச்சுக் குடுத்து, வேணும்னே எனக்கு எதுத்தாப்ல வெச்சு, அங்க உக்காந்திருக்கறா.

வேலுச்சாமி பெரியப்பா பேச வந்தப்ப நான் எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். "நல்லசிவம், நீ கையை அடக்கிக் காட்டு. தை பொறந்ததும் புள்ளை தானா வருவா"ன்னாரு. அடக்குனேன். கையை அடக்கறதுக்கு என்னங்க, எனக்குத்தான் கோவமே வராதே. ஆனா சங்கட்டமா இருக்குதுங்க. சொல்லக் கூடாதுதான், உங்ககிட்ட என்ன, சொல்றேன். பொழுதோட கடையைச் சாத்திட்டு ஊட்டுக்குப் போனா வெளக்குப் போடறதுக்கு ஆளில்லை. சோறு வெச்சா பாதியை நாய்க்குத்தான் போடறேன். எதுக்கால அவ இனியாவுக்குத் தலை பின்னி வுடறதப் பாக்கறேன், ரோடுதான குறுக்க, எட்டிப் புடிக்கற தூரம். அவ வரோணும். அந்தப் புள்ளை என்னை அப்பான்னு கூப்புடோணும். எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாமுங்க. இன்னைக்கு ஒரு பொழுதுதான்.

சரி, உங்க சாமானத்தக் கட்டறேன். ராடு, பெய்ட்காஸ்டரு, பிரெய்டு, தவளை ரெண்டு. என்னங்க? ஸ்பின்னிங்கா? அதுதான் கொழந்தைங்களுக்குன்னு சொன்னேனே. இல்லீங்க, கேளுங்க. இல்லை, நீங்க கேளுங்க மொதல்ல. ஆரு சொன்னது உங்களுக்கு ஸ்பின்னிங்தான் வேணும்னு? கூட வேலை செய்யறவனா? அவன் எங்க வாங்குனான்? சொல்ல மாட்டீங்களா? அங்கயா? ஒத்தைக்கண்ணு அண்ணன் கடைன்னு சொல்லி வுட்டானா?

பரவால்லீங்க. நான் ஒண்ணும் நெனைக்கலை. எதுக்கு எந்திரிக்கறீங்க? அங்கயும் ஒரு பார்வை பாத்துட்டு வாரீங்களா? போங்க, தாராளமாப் போங்க, நான் என்ன கட்டியா போட்டிருக்கேன். போனா அந்தப் பச்சைச் சேலைக்காரிகிட்ட ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க. உங்க ஊட்டுக்காரரு நெம்பத் தன்மையான மனுசனுங்க, இத்தனை நேரம் பேசிட்டு இருந்தேன், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசலைன்னு. வெளியாளு சொன்னா அவளுக்கு நம்பிக்கை வரும்.

என்னது?

என்ன கேட்டீங்க இப்ப?

காதுல வுழுந்துச்சான்னா கேக்கறீங்க? நீங்களும் அதையே கேக்கறீங்களா? சாமானம் வாங்க வந்தவருக்கு எதுக்குங்க அது? உக்காருங்க. உக்காருங்கன்னா உக்காருங்க. சொல்லிட்டுத்தான் போகோணும், ஆரு சொல்லிக் குடுத்து இங்க அனுப்பிச்சது உங்களை? அவ சொன்னாளா, அவன் சொன்னானா? கையை எதுக்கு உதர்றீங்க? உதறாதீங்க. ஸ்டூலு தானா வுழுந்துச்சு, அது எப்பவும் ஆடும். மேசைக்கடியில எதுக்குங்க பாக்கறீங்க, கட்டையை நான் தொடக்கூட இல்லை. இந்தக் கையில ராடு இருக்கறதுக்கு நான் என்ன பண்ணட்டும், உங்களுக்குக் காட்டத்தான எடுத்தேன்?

கத்தாதீங்க. ஏனுங்க, கத்தாதீங்க, அங்க கேக்கும். அய்யோ, கோகிலா எந்திரிச்சு நிக்கறா. இங்கதான் பாக்கறா. சித்தெ சிரிங்க, சிரிச்ச மாதிரி நில்லுங்க, சும்மா பேசிட்டு இருக்கோம்னு நெனச்சுக்குவா. சிரிங்களேன். உங்க காலைப் புடிக்கறேன், நாளைக்குத் தைங்க, நாளைக்கு அவ வரோணும். பூபதி வெளிய வாரான். இனியாவ உள்ள போகச் சொல்றா அவ. ஷட்டருல கை வெக்கறா.

ஷட்டரை எறக்கறாளே, ஏனுங்க, எறக்கறாளே... வேண்டாம்னு சொல்லுங்க அவகிட்ட. கையைக் காட்டிச் சொல்லுங்க. இந்தக் கையை வுடமுடியலீங்க எனக்கு, நீங்க அந்தக் கையால காட்டுங்க. வலிக்குதுங்களா? பொய் சொல்லாதீங்க. லேசாத்தானுங்க புடிச்சிருக்கேன்.